ஓர் இறக்கை மட்டும் கனத்தது

அத்தியாயம் 5

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள எனக்கு ஒரு குற்றவாளி வேணும்" என்றார் கேப்டன்.

கடையில் போய் அரை டஜன் முட்டை கேட்கிற தொனி. பஞ்சர் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

"என்ன சைஸ்ல சார் வேணும்?"

சர்வேயர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான்.

சர்வேயர் என்று ஊரே கூப்பிடும் அந்த அம்மாள் நிலம் அளப்பவர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது வேஷம் என்று சொல்லிச் சொல்லியே பாதி வயதைக் கழித்தவர். இப்போது அதே மூளையைத் தனியாக வாடகைக்கு விடுகிறார். கூட இருக்கிற ஆள் முன்பு பஞ்சர் கடை வைத்திருந்தவன். கடை போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

"என்ன காணாமப் போச்சு கேப்டன்?"

"ஒண்ணும் போகல. ஏறியிருக்கு."

"ஏறியிருக்கா? என்னது?"

"கனம்."

கேப்டன் முன்னால் நடந்தார். வெள்ளை யூனிஃபார்ம், மடிப்புக் கலையாத கால்சட்டை. ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் நடையில் வயதைக் காட்டாதவர். விமானம் நிறுத்தும் ஹேங்கரின் தகரக் கதவை இழுத்துத் திறந்ததும் உள்ளே இருந்த உஷ்ணம் முகத்தில் அறைந்தது.

அவருடைய பயிற்சிப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடைக்குக்கூட இடம் கிடையாது. அதன் மூக்கில், விரித்த கைகள் மாதிரி, படுக்கைவாட்டில் ஒரு கறுப்புப் புரொப்பல்லர். இரண்டே இறக்கை. பழையது அலுமினியம். இது கலப்புப் பொருள். உள்ளே மரம், மேலே கார்பன் நாரைப் பிசினில் தோய்த்துப் போர்த்திய தோல். எடை பாதி, சத்தமும் குறைவு.

சத்தம்தான் விஷயமே. ஓடுபாதையைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன. சத்தத்தைக் குறை, இல்லையென்றால் பள்ளியை மூடு என்று உத்தரவு. ஆனால் விமானத்தில் ஒரு திருகு மாற்றுவதென்றாலும் அனுமதி வேண்டும். இந்த ரக விமானத்தில் இந்த ரகப் புரொப்பல்லரை இதுவரை யாரும் மாட்டியதில்லை. கணக்குக் காட்டு, வரைபடம் காட்டு, தரையில் ஓட்டிக் காட்டு, அப்புறம் பறந்து காட்டு என்று காரியம் ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

"முதல் தடவை தரையில ஓட்டிக் காட்டினப்போ, இஞ்சின் மேல தண்ணி டம்ளர் வெச்சிருந்தாலும் தளும்பியிருக்காது. இன்ஸ்பெக்டரே தலையாட்டினார். போன வாரம் ரெண்டாவது தடவை. அதே ஆளு முன்னாடி பேய் பிடிச்ச மாதிரி ஆடிச்சு. கழட்டித் தராசுக் கட்டையில வெச்சுப் பாத்தோம். நம்பர் ஒன் இறக்கை மட்டும் கனத்துப் போயிருக்கு. இருந்தபடியே மாட்டி வைங்க, யாரும் தொடக்கூடாது, நான் வந்து பாக்குறேன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"சரி. அதுக்கு எதுக்குக் குற்றவாளி?"

"புரொப்பல்லரே கோளாறுன்னா ஃபைலை மூடிடுவாங்க. யாரோ செஞ்ச வேலைன்னா, அந்த ஆளை மாத்திட்டு மறுபடி ஓட்டிக் காட்டலாம்."

"ஆளுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும்ங்கிறீங்க" என்றான் பஞ்சர்.

கேப்டன் சிரிக்கவில்லை. "ஆள் யாருன்னும் தெரியும். ஆதாரம்தான் இல்ல. என் மாப்பிள்ளைதான்."

மாப்பிள்ளை என்றது தங்கையின் புருஷனை. பள்ளிக்கு இருந்த ஒரே மெக்கானிக் அவர். ஹேங்கருக்கு இரண்டே சாவி. ஒன்று கேப்டனிடம், மற்றது அவரிடம். அதோடு, புதுசு வேண்டாம், பழசே போதும் என்று ஆரம்பத்திலிருந்தே முனகியவர்.

"ரெண்டு மாசமா லேட்டா வேற வர்றான். வந்தாலும் கேட்டைப் பிடிச்சு உடைக்கிற மாதிரி ஆட்டறது, இருமறது, தொண்டை கிழியப் பாடறது. என் மேல இருக்கிற கோபத்தைக் கேட்டு மேல காட்டுறான். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா லைசென்ஸ் போயிடும், அப்புறம் எந்த விமானத்தையும் தொட முடியாது. தெரியும். தங்கச்சி புருஷன்தான். என்ன செய்யறது?"

சொல்லி முடிக்கும்வரை அவர் கண் தரையை விட்டு ஏறவே இல்லை.

சர்வேயர் வேலையில் இறங்கினார். நுனியிலிருந்து நுனிவரை இறக்கையைக் கண்ணாலேயே தடவினார். ஓட்டை இல்லை. ஒட்டுப் போட்ட தடம் இல்லை. வண்ணம் எங்கும் உரியவில்லை.

"தோலைக் கிழிக்காம உள்ள எப்படிடா கனத்தை ஏத்துவான்?"

"டயருக்குள்ள காத்தை ஏத்தவே வால்வு வேணும் அக்கா."

"அப்போ வால்வைத் தேடு."

பஞ்சர் இறக்கையை விட்டுவிட்டு, இரண்டு இறக்கையும் சேரும் நடுக்குடத்துக்குப் போனான். வழக்கமாக அதன்மேல் ஒரு கூம்பு மூடி இருக்கும். உள்ளே மரம் இருப்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் போல்ட் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். அதனால் சோதனை முடியும்வரை மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள். ஆறு போல்ட், வட்டமாக. அவன் மூக்கைக் கொண்டுபோய் வைத்து உறிஞ்சினான்.

"அக்கா, துணி சோப்பு."

"என்னடா?"

"துணி துவைக்கிற சோப்பு வாசனை. இங்க பாருங்க, போல்ட் ஓரத்துல வெள்ளையா பூத்துக் கிடக்கு. இன்னும் ஈரம் காயல. விமானத்தை யாரோ பள்ளிக்கூடம் அனுப்புறதுக்கு மூஞ்சி கழுவி விடுறாங்க போல."

சர்வேயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தரையைப் பார்த்தார். எண்ணெயும் புழுதியும் அப்பிய சிமெண்டுத் தரை. விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுத்தமான வட்டம். சொட்டுச் சொட்டாக விழுந்து கழுவிய இடம்.

"இறக்கை ரெண்டும் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கு. இதை நிமிர்த்தி வெச்சா கீழ் நுனி எங்க வரும்?"

பஞ்சர் இறக்கையைத் தொடாமல், தன் கையை அதன் நீளத்துக்கு அளந்து, அப்படியே கீழே திருப்பிக் காட்டினான். விரல் நுனி வட்டத்துக்கு நேர் மேலே நின்றது.

"யாரோ ராத்திரி இதை நிமிர்த்தி வைக்கிறாங்க" என்றார் சர்வேயர். "மேல இருந்து தண்ணி சொட்டுது. போல்ட் ஓட்டை வழியா மரத்துக்குள்ள போகுது. போனது கீழ் இறக்கைக்கு இறங்குது. மரம் அதைக் குடிச்சிடுது."

"குடிச்சா உடம்பு போடத்தானே செய்யும்" என்று பஞ்சர் தன் வயிற்றைத் தட்டிக்கொண்டான்.

மெக்கானிக் ஹேங்கருக்கு வெளியே டூல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், கேப்டனின் தங்கை. வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"உக்காருங்க. டீ குடிங்க. எங்கண்ணன் உங்களுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுத்துச்சா? குடுத்திருக்காது. புது வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு, கூடப் பொறந்தவளை ஒரு நாள் கூப்பிடல. கதவு நம்பர் கேட்டா இன்னும் நம்பர் போடலைங்குது. அண்ணி இருந்தப்போ இப்படியா?"

"ஏய், சும்மா இரு" என்றார் மெக்கானிக்.

சர்வேயர் நேராக விஷயத்துக்கு வந்தார். "புரொப்பல்லரை எப்படி நிறுத்திட்டுப் போவீங்க?"

"படுக்கையாத்தான் மேடம். நம்பர் ஒன் எப்பவும் கதவுப் பக்கம். நிமிர்த்தி வெச்சா ஈரம் கீழ் இறக்கையில இறங்கும்னு கொடுத்தவங்களே சொல்லியிருக்காங்க."

"அப்போ எப்படிக் கெடுக்கலாம்னு தெரிஞ்ச ஆள் நீங்க."

மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார்.

"காலையில வந்து பாக்கும்போது நீங்க விட்ட மாதிரியே இருக்குமா?"

கொஞ்சம் தாமதம். "இருக்கும்."

"ராத்திரி உள்ள யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்ல." இது தாமதிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்கு முன்னாலேயே வந்து விழுந்தது.

"தரையில தண்ணி சொட்டின தடம் இருக்கு. தினமும் யாரோ நிமிர்த்தி வைக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாம இருக்க வழியே இல்ல. நீங்க பொய் சொல்றீங்க."

பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. "அவர் எதுக்குங்க பொய் சொல்றார்? அவரை எனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை. பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கேப்டன், "போதும். இன்ஸ்பெக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்று திரும்பி உள்ளே நடந்தார்.

சர்வேயருக்கு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. தப்பு செய்தவன் கத்துவான், இல்லை காலில் விழுவான். இந்த ஆள் இரண்டும் செய்யாமல், அடுத்தவர் வைத்த பாரத்தைத் தோளில் வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா" என்று பஞ்சர் காதருகில் வந்தான். "கேப்டன் முதுகைப் பாருங்க. காலருக்குக் கீழ திமில் மாதிரி நிக்குது."

"உனக்கு எப்ப பாத்தாலும் விளையாட்டு."

"இல்லக்கா, வீட்டுல துணி துவைக்கிறவன் நான். எம் பொண்டாட்டி சத்தியமா சொல்றேன். கொடியில காயப் போட்டா குறுக்குல கோடு விழும். கம்பியில மாட்டினா தோள்ல மேடு வரும். காலருக்குக் கீழ நடுவுல, கை அகலத்துக்கு மேடு வரணும்னா அது எதுல மாட்டினதுங்கிறேன்?"

சர்வேயர் விமானத்திடம் போனார். இறக்கை நுனிக்கு எதிரே கையை விரித்து அகலத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை மடக்காமல், முன்னால் நின்ற கேப்டனின் முதுகுக்கு நேராகக் காற்றில் நீட்டிப் பார்த்தார். மேடும் விரலும் அச்சாகப் பொருந்தின.

வெளியே கேட்டில் ஜீப் சத்தம் கேட்டது.

"கேப்டன், உங்க வீடு எங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க சட்டை எங்க காயுதுன்னுதான் கேக்கணும். மரியாதைக்கு வீட்டைக் கேட்டேன்."

கேப்டனின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. அங்கிருந்த மேட்டைத் தொட்டது. தொட்டதும், நின்ற இடத்திலேயே ஆள் குறுகிப்போனார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"பழசுலயும் அப்படித்தான் மாட்டினேன்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "அலுமினியம். ஒண்ணும் ஆகல. உத்தரம் பூரா எண்ணெய்ப் புழுதி. வெளிய போட்டா படிக்கிற பசங்க பாப்பாங்க. கதவுப் பக்கத்து இறக்கையைக் கீழ தள்ளி நிமிர்த்தி, மேல் இறக்கையில போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிடும். எழுந்ததும் திருப்பிப் படுக்கையா வெச்சிடுவேன். இந்தத் தண்ணிதான் அதுன்னு... சத்தியமா எனக்குத் தோணவே இல்ல."

"வீடு?"

"காலி பண்ணிட்டேன். இருந்ததெல்லாம் இந்த அனுமதிக்கே போச்சு. ஒவ்வொரு சோதனைக்கும் பணம் கட்டணும். மூலையில தொங்குற அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னாடிதான் படுக்கிறேன்." ஜீப் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அவர் அவசரமாக நிமிர்ந்தார். "மேடம், இது... இது தங்கச்சிக்குத் தெரியணுமா? அவனுக்குச் சின்ன வயசு. கையில தொழில் இருக்கு. வேற எங்கயாவது வேலை கிடைக்கும்..."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் கறுத்துவிட்டது. உடைந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று புளுகிய எத்தனையோ முகங்களை சர்வேயர் பார்த்திருக்கிறார். தான் பேசிய பேச்சுக்குத் தானே இப்படிக் கூசின முகத்தைப் பார்த்ததில்லை.

பஞ்சர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

"உங்களைச் சொல்ல எனக்கு வாய் இல்ல" என்றார் சர்வேயர். "நான் இப்பத்தான் அவர் பொண்டாட்டி முன்னாடி அவரைப் பொய்யன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவர் பொய்தான் சொன்னார். எதுக்காகச் சொன்னார்னு நான் யோசிக்கல. ராத்திரி யாரும் இல்லைன்னார். 'ஒருத்தர் இருக்கார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தப்பிச்சிருப்பார்."

கேப்டன் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"லேட்டா வர்றார்னீங்க. கேட்டை ஆட்டறார், இருமறார், பாடறார்னீங்க. கோபம் இல்ல கேப்டன். நீங்க எழுந்து பாயைச் சுருட்ட நேரம் குடுத்திருக்கார்."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது கேப்டன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பின்னாலேயே மெக்கானிக்கும் அவர் மனைவியும். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"என்ன கேப்டன், காரணம் அகப்பட்டுச்சா?"

"ஆளே அகப்பட்டாச்சு சார்."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். தங்கை அவர் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"நான்தான்" என்றார் கேப்டன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாய், வாளி, சோப்பு, சட்டை எதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நிற்க வைக்கப்பட்ட பையன் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். மாப்பிள்ளைமேல் பழியைப் போட இருந்ததையும் சொன்னார். "கடைசி நிமிஷம்வரைக்கும் போடத்தான் இருந்தேன் சார், எல்லாம் தெரிஞ்ச பிறகும்" என்று அவர் சேர்த்துக்கொண்டபோது சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது.



"ரெண்டு மாசமா உன்னைக் கஞ்சன் கஞ்சன்னு ஆபீஸ் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே அண்ணா" என்றாள் தங்கை. அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"பக்கத்துல படுத்துக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ அன்னைக்கே அழுதுக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்திருப்ப. அப்புறம் மச்சான் என் மூஞ்சியில எப்படி முழிப்பார்?"

"இப்ப மட்டும் எப்படி முழிக்கிறதாம்?"

அவள் விடுவிடுவென்று தார்ப்பாய்க்குப் பின்னால் போய்விட்டாள். வாளியை இழுக்கும் சத்தம், தகரப் பெட்டி ஒன்றை மூடும் சத்தம்.

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து போல்ட் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலால் தடவி முகர்ந்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார், மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்பதுபோல.

"புரொப்பல்லர் மேல குறை இல்ல. வெச்ச விதம் தப்பு. கழட்டிச் செஞ்சவங்களுக்கே அனுப்புங்க. காய வெச்சு, சோதிச்சு, சமன் பண்ணி அனுப்பட்டும். வந்ததும் முதல்ல இருந்து ஓட்டிக் காட்டுங்க. ஃபைல் திறந்தே இருக்கும். மெக்கானிக் விஷயத்துல எழுத எனக்கு எதுவும் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா பெட்ரோல் இருக்கிற எடத்துல ஆள் படுக்கிறதைப் பாக்காத மாதிரி நான் போக முடியாது கேப்டன். இன்னைக்கே காலி பண்ணியாகணும்."

"சரி சார்."

"எனக்கும் இதைச் சொல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கிப் போனார்.

சர்வேயர் மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரம்மா முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க கேட்டதுக்கு நான் பொய்தானே மேடம் சொன்னேன்" என்றார் மெக்கானிக். குத்தலாக அல்ல, சாதாரணமாக. சர்வேயருக்கு அதுதான் அதிகம் சுட்டது. "போலாம் வாடா" என்று பஞ்சரிடம் சொன்னாரே தவிர, நகரவில்லை.

மெக்கானிக் டூல் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். கடைசி போல்ட் வந்ததும் புரொப்பல்லரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். பாதி எடை. பழைய அலுமினியத்தையே தனியாகத் தூக்கி இறக்கியவர் அவர்.

"மச்சான், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பஞ்சர் உதவிக்கு ஒரு அடி எடுத்து வைத்தான். சர்வேயர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

கேப்டன் வந்தார். தலை நிமிராமலே வந்து நம்பர் ஒன் இறக்கையைப் பிடித்தார். இருவரும் அதைச் சுமந்துகொண்டு மர மேஜையை நோக்கி நடந்தார்கள். மெக்கானிக் பின்பக்கமாக அடி வைத்து, முகம் பார்க்கிற மாதிரி நடந்தார். கேப்டன் தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

மேஜை வந்துவிட்டது. மெக்கானிக் கீழே இறக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். அவர் இறக்காமல் கேப்டனாலும் இறக்க முடியாது.

கேப்டன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க நேரம் ஆனது.